கீபோர்டு மாறி அடித்ததைத் திருத்தும் சாஃப்ட்வேர்: வாங்கலாமா?

ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கு பார்க்கும் நண்பர் கேட்டார்: "தமிழ் ஆனில் இருக்கிறது என்று நினைத்து அரைப் பக்கம் அடித்துவிடுகிறேன், நிமிர்ந்தால் எல்லாம் இங்கிலீஷ் எழுத்து. அதைத் திருப்பித் தரும் சாஃப்ட்வேர் எதை வாங்கலாம்?" செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் டிடிபி கடையில் அப்படி ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி நெடுநாளாக ஓட்டுகிறோம்.

நல்லதை முதலில் சொல்ல வேண்டும். நாங்கள் அடிப்பது தமிழ்99, தமிழக அரசு 1999-இல் ஏற்றுக்கொண்ட கீபோர்டு அமைப்பு. அதில் 'சேலம்' என்று அடிக்கும்போது தமிழ் ஆனில் இல்லாவிட்டால் ஒரு சதுர அடைப்புக்குறி, டி, என், கே, எஃப் என்று விழும். செலக்ட் செய்து ஒரு விசையைத் தட்டினால் சேலம் வந்துவிடும். கல்யாணப் பத்திரிகைக்காரர் பக்கத்தில் நின்று அவசரப்படுத்தும்போது இதன் அருமை தெரியும். இந்தத் திசையில் ஓர் எழுத்துகூடப் பிசகியதில்லை.

எதிர்த்திசையில்தான் எரிச்சல். தமிழ் ஆனில் இருக்கும்போது 'பில்' என்று இங்கிலீஷில் அடித்தால் 'ஙனத்த' என்று வரும். அதைத் திருப்பினால் இரண்டு எல்லுக்கும் நடுவே ஓர் எஃப் முளைக்கிறது. ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் தமிழ்99 தானே புள்ளி வைக்கும். எஃப் விசையாலும் புள்ளி வைக்கலாம். சாஃப்ட்வேர் எல்லாப் புள்ளியையும் எஃப் என்றே எடுத்துக்கொள்கிறது. 'டெபாசிட்', 'ரிப்போர்ட்' இரண்டிலும் பி-யும் ஓ-வும் சேர்ந்து 'ண்ட' ஆவதால் அங்கேயும் இதே கதை. 'நேம்' இன்னும் மோசம். திரையில் 'லரூ' என்றுதான் இருக்கும், ஏனென்றால் மெய்க்குப் பின் அடிக்கும் இங்கிலீஷ் ஏ விசை அகரமாகி உள்ளேயே அடங்கிவிடும். திருப்பினால் அந்த ஏ போனது போனதுதான்.

ரஷ்ய மொழிக்கு இதே வேலையைச் செய்யும் புன்டோ ஸ்விட்ச்சர் என்ற சாஃப்ட்வேருக்கு இந்தச் சிக்கல் இல்லை. அங்கே ஒரு விசைக்கு ஓர் எழுத்து. தமிழுக்குச் செய்பவர்கள் திரையில் இருக்கும் எழுத்தைப் பார்க்காமல், தட்டிய விசைகளை நினைவில் வைக்க வேண்டும். அப்படி வைத்தால் பாஸ்வேர்டும் சேர்ந்து பதிவாகும் என்று தயாரித்தவர்கள் பதில் அனுப்பினார்கள். நியாயமான பயம்தான். ஆனால் கடைசி ஒரு வரியை மட்டும் வைத்திருந்து அழித்துவிடலாமே! காசு வாங்கியவர்கள் இதையாவது செய்திருக்க வேண்டும்.

அப்புறம், நாம் விசையைத் தட்டாமலே தானாக மாற்றிவிடும் தானியங்கி வசதி. அதை ஆன் செய்தால் ஜிஎஸ்டி எண்ணையும் தமிழாக்கிவிடுகிறது. முதல் நாளே நிறுத்திவிடுங்கள்.

நண்பருக்கு நான் சொன்னது: வாங்க வேண்டாம். விண்டோஸிலேயே தமிழ்99 இருக்கிறது. மேம்பட்ட கீபோர்டு அமைப்புகளில் ஒவ்வொரு ஜன்னலுக்கும் தனி மொழி வைக்கும் வசதியை டிக் செய்துவிட்டால் கணக்கு பார்க்கும் டேலி இங்கிலீஷிலும் வேர்டு தமிழிலும் நிற்கும், பாதித் தொல்லை அங்கேயே தீரும். எங்கள் கடைக் கணினியிலிருந்து மட்டும் அதை எடுக்க நான் விடமாட்டேன். முகூர்த்த மாதத்தில் அது இல்லாமல் எங்களுக்கு ஓடாது.