தொண்டைக்கு எக்ஸ்ரே வீடியோவா, மூக்கு வழியா கேமராவா?

அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து ரெண்டு மாசம் ஆகியும் தண்ணி குடிச்சா பொரை ஏறிட்டே இருந்துச்சு. ஆனா களி மட்டும் வழுக்கிட்டு போகும், பாலக்கோட்டுக்காரர், களிய மென்னு தின்னா கேலி பண்ற ஆளு. முதல்ல ஒரு ஆஸ்பத்திரில பேரியம்னு எக்ஸ்ரேல தெரியுற ஒரு மருந்த குடிக்க வச்சு படம் எடுத்து நார்மல்னு எழுதி குடுத்துட்டாங்க. அப்புறம் தான் புரிஞ்சுது, அவங்க பாத்தது உணவுக்குழாய, இவருக்கு கோளாறு அதுக்கு மேல தொண்டைல.

சேலம் போனப்ப ரெண்டு வழி சொன்னாங்க. ஒண்ணு வீடியோஃப்ளூரோஸ்கோப்பி, முழுங்குறத எக்ஸ்ரேல வீடியோவா எடுக்குறது. அதும் பேரியம் தான், ஆனா ரேடியாலஜிஸ்ட்டும் (எக்ஸ்ரே டாக்டர்) ஸ்பீச் தெரபிஸ்ட்டும் (பேச்சு மட்டுமில்ல, முழுங்குறதையும் பாக்குறவங்க) ஒரே ரூம்ல நிப்பாங்க. எதை எவ்ளோ குடுக்கணும், தலைய எப்படி வைக்கணும்னு தெரபிஸ்ட் சொல்லுவாங்க, கதிர் எவ்ளோ நேரம் போகணும், வழி எங்கயாவது சுருங்கியிருக்கா, பை மாதிரி புடைச்சிருக்கான்னு ரேடியாலஜிஸ்ட் பாப்பாரு. தொண்டைல முழுங்குற வேல ஒரு நொடி கூட ஆகாது, அதனால நொடிக்கு 30 படம் எடுத்தா நல்லது, கொறச்சு எடுத்தா மூச்சுக்குழாய்க்குள்ள எறங்குறது கண்ணுல படாம போயிடும்.

இன்னொண்ணு மூக்கு வழியா மெல்லிசா கேமரா. கதிர் கெடையாது, படுக்கைலயே பண்ணலாம், எச்சி தேங்கி நிக்கிறது கூட தெளிவா தெரியும், பால்ல பச்ச கலர் கலந்து குடுப்பாங்க. ஆனா முழுங்குற அந்த நேரம் தொண்டை சுருங்கி ஸ்கிரீன் வெள்ளையாயிடும், முன்னாடியும் பின்னாடியும் பாத்து தான் ஊகிக்கணும். ஐசியூல இருக்கவங்களுக்கு, உக்கார முடியாதவங்களுக்கு இது தான் சரி.

அப்பா உக்காருவாருன்னு நாங்க வீடியோ எடுத்தோம். தண்ணியாட்டம் இருக்க பேரியம் ஒரு ஸ்பூன் குடுத்தாங்க, கருப்பா ஒரு கோடு மூச்சுக்குழாய்க்குள்ள எறங்குது, மனுஷன் இருமவே இல்ல, எங்கள பாத்து சிரிக்கிறாரு! பொரை ஏறாமயே உள்ள போகும்னு எனக்கு அன்னைக்கு தான் தெரியும். நாடிய நெஞ்சுல ஒட்டி முழுங்க சொன்னாங்க, அடுத்த ஸ்பூன் எறங்கல. நான் டிபன் பாக்ஸ்ல கொண்டு போன களியையும் பேரியத்துல தொட்டு குடுத்தாங்க, பாதி களி நாக்குக்கு பின்னாடி, தொண்டைலயே நின்னுச்சு.

என்ன கேட்டா, உக்கார முடிஞ்சவங்களுக்கு வீடியோ தான் முதல்ல. ஆனா புக் பண்றதுக்கு முன்னாடி போன்ல ஒண்ணு கேளுங்க, ஸ்பீச் தெரபிஸ்ட் ரூம்ல இருப்பாங்களான்னு. இல்லைன்னா எங்களுக்கு வந்த மாதிரி நார்மல்னு ஒரு காகிதம் தான் வரும். ஓசூர் பக்கம் இருக்கவங்க பெங்களூர்லயும் விசாரிச்சு பாருங்க, சேலத்த விட கிட்ட.

இப்ப தண்ணிய கெட்டியாக்கி தான் குடுக்குறோம், களிய சின்ன சின்னதா கிள்ளி மென்னு தான் சாப்பிடணும். அந்த மெல்றதுக்கு தான் எங்க மேல இன்னும் கோவமா இருக்காரு.