படகு தேடி ஏலகிரி வரை

பள்ளிகொண்டாவுக்குக் கொஞ்சம் தள்ளி, எங்கள் ஊருக்குத் திரும்பும் பாலத்தில் கார் ஏறியதும் மகன் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்டான்: "அப்பா, ஆறு எப்போ வரும்?" அப்போது பாலத்தில் பாதியைத் தாண்டியிருந்தோம். அவன் பார்த்துக்கொண்டிருந்ததுதான் ஆறு. சீமைக் கருவேலம், மணல் அள்ளிய பள்ளம், நடுவில் ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் ஆடும் பையன்கள்.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. நாங்கள் இருப்பது இங்கிலாந்தில் ஹெரிஃபோர்டு பக்கம். வேல்ஸ் எல்லையைத் தாண்டினால் வை ஆற்றங்கரையில் கிளாஸ்பரி என்று ஒரு கிராமம். கனூ ஓட்டுவதற்கென்றே ஜனங்கள் வரும் ஊர். படகை வாடகைக்கு எடுத்து, ஆற்றின் போக்கிலேயே துடுப்புப் போட்டுக்கொண்டு போனால், பழைய புத்தகக் கடைகளுக்குப் பேர்போன ஹே-ஆன்-வையில் கரையேறலாம். தெற்கே பிளாக் மவுண்டன்ஸ் மலைத்தொடர் கூடவே வரும். மகன் அங்கேதான் துடுப்புப் பிடிக்கக் கற்றுக்கொண்டான். ஒருநாள் கரையேறும்போது, "நம்ம ஊரும் இப்படித்தான்டா, ஆத்தங்கரை, சுத்தி மலை" என்று பெருமையாகச் சொல்லி வைத்தேன். போதாக்குறைக்கு, 2021 நவம்பர் வெள்ளத்தில் பாலாறு இதே பாலத்தை உரசிக்கொண்டு ஓடியதை மச்சான் வீடியோ எடுத்து அனுப்பியிருந்தான். பையன் அதைப் பலமுறை பார்த்திருக்கிறான். அதை நம்பித்தான் வந்தான்.

மலை விஷயத்தில் எனக்குக் கவலை இல்லை. பிளாக் மவுண்டன்ஸில் உயரமான இடமே 811 மீட்டர்தான். ஏலகிரியின் சுவாமிமலை அதைவிட எவ்வளவோ உயரம். ஆறுதான் காலை வாரிவிட்டது. நந்தி மலைப் பக்கம் பிறந்து 348 கிலோமீட்டர் ஓடுகிறது, அதில் 222 கிலோமீட்டர் நம் தமிழ்நாட்டில் என்றெல்லாம் விளக்கினேன். மேலே அணைகள், 1892-லேயே மதராஸுக்கும் மைசூருக்கும் நடந்த ஒப்பந்தம், மணல் கொள்ளை, தோல் தொழிற்சாலைக் கழிவு என்று கதை நீண்டது. அவன் கேட்டது ஒன்றே ஒன்று: "அப்போ படகு?" பின்சீட்டில் இருந்த அம்மா, "ஆடி மாசத்துல ஆத்துல தண்ணி எங்க கீது கண்ணு, ஏலகிரில படகு விடறாங்க, போலாம்" என்று முடித்துவைத்தார்.

படகுக்கு முன்னால் மற்ற காரியங்களைச் சொல்லிவிடுகிறேன். இந்த முறை சென்னையிலிருந்து டாக்ஸி வைக்கவில்லை. விமான நிலையத்திலேயே மெட்ரோ ஏறி சென்ட்ரலில் இறங்கினோம். நான்கு பெட்டிகளோடு மெட்ரோவா என்று நான்தான் முனகினேன். லிஃப்ட் இருக்கிறது, எஸ்கலேட்டர் இருக்கிறது, பெரிய சிரமம் இல்லை. ரயில் டிக்கெட்டை மச்சான் முன்பே எடுத்து வைத்திருந்தான். ரெண்டு மணி நேரத்தில் காட்பாடி.

காட்பாடியில் இறங்கியதும் ஆட்டோக்காரர் ஒருவர் என்னிடம் இந்தியில், எங்கே போக வேண்டும் என்று கேட்டார். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் ஜனங்கள் வந்துகொண்டே இருப்பதால், பெட்டியோடு நிற்பவர் எல்லாரையும் அவர்கள் நோயாளியின் சொந்தக்காரராகவே பார்க்கிறார்கள். என் மனைவி விடவில்லை. "இன்னாணா, எங்க ஊர்லயே எங்கள இந்தில கேக்கறீங்க?" அவர் சிரித்துவிட்டு ஐம்பது ரூபாய் குறைத்தார். அந்த ஐம்பது, முதலில் கூட்டிச் சொன்ன ஐம்பதுதான் என்று மனைவி இன்றுவரை சொல்கிறாள்.

அடுத்தது பணம். ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினால் இளநீர்க்காரர் அதைத் தொடவே மாட்டேன் என்கிறார். "சில்லற இல்ல சார், ஸ்கேன் பண்ணுங்க." வண்டியில் தொங்கும் அட்டை, பக்கத்தில் வந்த தொகையைக் கத்திச் சொல்லும் சின்ன ஸ்பீக்கர். வெளிநாட்டு எண்ணை வைத்துக்கொண்டே யுபிஐ போடும் வசதி 2023-லிருந்து பிரிட்டன் உள்ளிட்ட சில நாடுகளில் இருப்பவர்களுக்குக் கிடைக்கிறது. வெளிநாட்டில் வாழும் இந்தியர்களுக்கான என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ வங்கிக் கணக்கு இருந்தால் போதும். எனக்கு என்ஆர்ஓ கணக்கு இருந்தது. ஆனால் என் வங்கிக் கிளையில் அது தூங்கிக்கொண்டிருந்தது. கேஒய்சி, அதாவது அடையாள விவரங்களை, புதுப்பிக்கவில்லையாம். முதல் நாள் பாஸ்போர்ட் நகல் கேட்டார்கள். இரண்டாம் நாள் அதே நகலில் கையெழுத்து இல்லை என்றார்கள். மூன்றாம் நாள், இதைப் பார்க்கும் மேடம் லீவு. நான்காம் நாள் போனபோது வாசலில் இருந்த செக்யூரிட்டி, "சார், பத்தரைக்கு உள்ள போயி ரெண்டாவது டேபிள்ல குடுங்க, கவுன்ட்டர்ல நிக்காதீங்க" என்றார். இருபது நிமிடத்தில் வேலை முடிந்தது. இதை முதல் நாளே அவரிடம் கேட்டிருக்க வேண்டும்.

அங்கேதான் எனக்கு ஒன்று உறைத்தது. கிளாஸ்பரியில் எல்லாம் பலகையில் எழுதியிருக்கும். வண்டி எங்கே நிறுத்துவது, படகை எங்கே இறக்குவது, எதற்கு எவ்வளவு என்று. யாரிடமும் வாயைத் திறக்காமல் ஒரு நாள் முழுக்க ஆற்றில் இருந்துவிட்டு வீடு திரும்பலாம். ஊரில் பலகை இருக்கும், அது போன வருடத்துப் பலகை. சரியான தகவல் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பவரிடம் இருக்கிறது. பதினோரு வருடமாக வெளியே இருந்து எனக்குக் கேட்கும் பழக்கமே விட்டுப்போயிருக்கிறது.

அம்மாவுக்கு ரத்த அழுத்தம் உண்டு. மாத்திரை ஒழுங்காக எடுக்கிறாரா என்பதுதான் அங்கிருந்து எங்களுக்குத் தீராத கவலை. ஒரு காலை, சுகாதாரத் தன்னார்வலர் ஒரு பெண் பையோடு வீட்டுக்கே வந்தார். மக்களைத் தேடி மருத்துவம், 2021-இல் தொடங்கிய திட்டம். திண்ணையிலேயே அம்மாவின் கையில் பட்டையைச் சுற்றி அளந்தார், அட்டையில் எழுதினார், மாத்திரையை எண்ணிக் கொடுத்தார். என் மனைவி நர்ஸ். ஊரில் யார் மருந்தைத் தொட்டாலும் அவளுக்கு ஒரு சந்தேகம் இருக்கும். அட்டையை வாங்கிப் புரட்டினாள். மாதாமாதம் எழுதியிருந்தது. இந்த மாதம் மட்டும் அளவு ஏறியிருந்தது. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். வந்த பெண்ணே உண்மையைச் சொல்லிவிட்டார்: "ஆடி மாசம்கா. கூழ் ஊத்தற வீடு எல்லாத்துலயும் இதேதான். கருவாட்டுக் குழம்பு." அன்றைக்கும் அடுப்பில் அதுதான் கொதித்துக்கொண்டிருந்தது.

ஏலகிரிக்கு ஒரு வெள்ளிக்கிழமை கிளம்பினோம். வாணியம்பாடி தாண்டி, பொன்னேரியில் திரும்பினால் மலைப்பாதை. பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு புலவர் பெயரோ வள்ளல் பெயரோ வைத்திருக்கிறார்கள். மகனுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டத்தான் தெரியும். பாரியை முடித்துவிட்டான். திருவள்ளுவரை முடிப்பதற்குள் வளைவு முடிந்துவிட்டது. டிரைவர் தம்பி நல்ல மனிதர், வண்டியை ஓரம் கட்டி, "படிச்சி முடிச்சிட்டு சொல்லு, எடுக்கறேன்" என்றார்.

மலையில் ஆன்லைனில் இரண்டு அறை பதிவு செய்து முழுப் பணமும் கட்டியிருந்தேன். போய் நின்றால் விடுதியில் காவலாளியைத் தவிர ஒரு ஆள் இல்லை. எங்கள் பெயரில் ஒரே ஒரு அறைதான் குறித்திருக்கிறதாம். இன்னொன்றை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். மேனேஜர் ஜோலார்பேட்டைக்கு இறங்கியிருக்கிறார், போன் எடுக்கவில்லை. நான் குரலை உயர்த்த ஆரம்பித்தேன். காவலாளிக்கு அறுபது வயதிருக்கும். நான் மூச்சு வாங்கும் வரை பொறுத்திருந்துவிட்டு, "சார், சண்ட ராத்திரி கூடப் போட்டுக்கலாம். போட்டிங் நிறுத்திடுவாங்க, முதல்ல பசங்களக் கூட்டினு ஏரிக்குப் போங்க. அதுக்குள்ள நான் பாய் தலகாணி பாக்கறேன்" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை.

புங்கனூர் ஏரி செயற்கை ஏரிதான், பெரியதும் இல்லை. ஆனால் தண்ணீர். மகன் கண்ணுக்கு அது போதும். மிதி படகு வேண்டாம், துடுப்புப் படகுதான் என்று நின்றான். லைஃப் ஜாக்கெட்டைக் கொடுத்ததும் பட்டைகளை எல்லாம் தானே மாட்டிக்கொண்டு, பாட்டிக்கும் மாட்டினான். "புடவ மேல இத மாட்டிக்கினு, பாக்கறவங்க இன்னா நெனப்பாங்க" என்றார் அம்மா. கழற்ற மட்டும் இல்லை.

படகோட்டியிடம், நான் ஓட்டட்டுமா என்று மகன் கேட்டான். எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல், ஏரி நடுவுக்கு வந்ததும் நகர்ந்து இடம் கொடுத்தார். அப்புறம்தான் வேடிக்கை. கனூவில் முன்னால் பார்த்து உட்கார்ந்து, ஒற்றைத் துடுப்பை ஒரு பக்கமாகப் போட வேண்டும். இங்கே இரண்டு துடுப்பு, போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். பையன் வழக்கம்போல முன்னால் திரும்பி உட்கார்ந்து இழுத்தான். படகு நின்ற இடத்திலேயே ஒரு சுற்று சுற்றியது. அம்மா முருகா என்றார்.

"கண்ணு, திரும்பி உக்காரு. ரெண்டு கையும் ஒண்ணா இழு. எம் மூஞ்சியப் பாத்துக்கினே இழு."

"பாக்காம எப்படி ஓட்டறது? பாறை இருந்தா?"

"பாற எல்லாம் இல்ல. எங்க போவணும்னு நான் சொல்றேன், நீ இழு."

பையன் சந்தேகத்தோடு இழுத்தான். இரண்டு தடவை கழுத்தைத் திருப்பிப் பார்த்தான். மூன்றாவது தடவை அவர் லேசாக அதட்டினார். அதற்கப்புறம் அவர் கண் போகிற பக்கத்தை வைத்தே இவன் கையை மாற்றுகிறான். இடது கை கொஞ்சம், வலது கை கொஞ்சம் என்று படகு நேராகப் போனது. கரைக்கு வந்ததும் எவ்வளவு கொடுப்பது என்று தெரியாமல் நூறு ரூபாயை நீட்டினேன். டிக்கெட்டுக்கு மேல் வேண்டாம் என்றார். பையன் கையைக் குலுக்கிவிட்டு அடுத்த குடும்பத்தைக் கூப்பிடப் போய்விட்டார்.

மறுநாள் சனிக்கிழமை, ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலைமேல் காவலூர் வானாய்வகத்துக்குப் போனோம். 1977-இல் யுரேனஸ் கோளுக்கு வளையம் இருப்பது தெரியவந்தபோது இங்கிருந்தும் அதைப் பார்த்திருக்கிறார்கள். 2.3 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி 1986-லிருந்து இருக்கிறது. மேகம் மூடிக்கொண்டதால் எங்களுக்கு வானம் ஒன்றும் காட்டவில்லை. ஆகஸ்டில் போனால் அப்படித்தான், ஜனவரிக்கு மேல் போகிறவர்கள் பாக்கியசாலிகள். திரும்பும்போது வழியில் சாமையும் தேனும் வாங்கினோம். சாமை ஹெரிஃபோர்டு வந்து சேர்ந்துவிட்டது. தேன் பெட்டிக்குள்ளேயே கொட்டிவிட்டது.

வெள்ளிக்கிழமை இரவு விடுதியில் ஒரே அறையில் நான்கு பேர் படுத்தோம். காவலாளி தன் வீட்டிலிருந்து பாயும் இரண்டு போர்வையும் கொண்டுவந்திருந்தார். காலையில் மேனேஜர் போனில் கிடைத்தார். இன்னொரு அறைக்கான பணம் ஒரு வாரத்தில் வந்துவிடும் என்றார். ஹெரிஃபோர்டு திரும்பி மூன்று வாரம் ஆகிறது. காவலாளி என் எண்ணை வாங்கி வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வருகிறது: "சார், வந்துச்சா?" இல்லை என்று அனுப்புகிறேன். "கேக்கறேன் சார். தம்பி நல்லா இருக்கானா?" என்கிறார்.