உள்சுவரை இடிப்பதா, வெளியே நீட்டுவதா?

பழைய வீட்டில் சமையலறையும் குளியலறையும் நெருக்கடியாக இருந்தால் வழி இரண்டு: பக்கத்து அறையிலிருந்து இடம் எடுப்பது, அல்லது பின்புறம் புதிதாகக் கட்டி நீட்டுவது.

முதலாவது மலிவாகத் தோன்றும். சுவர் வெறும் தடுப்பாக இருந்தால் உண்மையும் அதுதான். மேல்தளத்தின் பாரத்தைத் தாங்கும் சுவர் என்றால், முட்டுக்கொடுத்து உத்திரம் பொருத்தாமல் கை வைக்கக் கூடாது. பொறியாளர் பார்க்கும்வரை சம்மட்டியைத் தூக்காதீர்கள். பலரும் மறப்பது கழிவுக் குழாயை. மீட்டருக்கு 25 மில்லிமீட்டர் சரிவு என்று வைத்தால், கழிப்பறையை 4 மீட்டர் நகர்த்தும்போது குழாய் 100 மில்லிமீட்டர் இறங்க வேண்டும். தரையில் அந்த ஆழம் இல்லையென்றால் குளியலறைத் தரையை உயர்த்திப் படியேறித்தான் போக வேண்டும். அதனால் இரண்டு அறைகளையும் ஒரே சுவரின் இருபுறமும் வைப்பதே என் விருப்பம்.

நீட்டிக் கட்டினால் குழாய்களை விரும்பியபடி அமைக்கலாம். வேலை முடியும்வரை பழைய அடுப்படியிலேயே சமைக்கலாம். ஆனால் அஸ்திவாரம், கூரை, அனுமதி எல்லாமே புதிதாக வேண்டும். புதிய அஸ்திவாரம் தன் போக்கில் மண்ணில் சற்று இறங்கி அமரும். இடைவெளி விடாமல் பழையதோடு இறுக்கினால் சந்திப்பில் விரிசல் விழும். நடு அறையின் சன்னல் அடைபட்டு, பகலிலும் விளக்குப் போட நேர்வதும் உண்டு.

இடிப்பது தடுப்புச் சுவர்தான் என்று உறுதியானால், நான் உள்ளேயே இடம் தேடுவேன்.