வீட்டில் செய்த லைட்சேபருக்கு எந்த சவுண்ட் போர்டு: புரோஃபியா, ஸீனோபிக்ஸலா?

லைட்சேபர் என்றால் ஸ்டார் வார்ஸ் படங்களில் வரும் ஒளிவாள். அதன் ஒலியையும் ஒளியையும் இயக்கும் சிறிய மின்சுற்றுப் பலகைதான் சவுண்ட் போர்டு.

விலை: ஸீனோபிக்ஸல் மலிவு. புரோஃபிக்குக் கூடுதல்.

பொருத்துவது: இரண்டுக்கும் சால்டரிங் வேலை ஏறக்குறைய ஒன்றுதான். வாளின் 18650 பேட்டரியை (உருளை வடிவ லித்தியம் பேட்டரி) கழற்றிவிட்டு ஆரம்பியுங்கள்.

அமைப்பது: இங்கேதான் வித்தியாசம். ஸீனோபிக்ஸலில் எஸ்டி கார்டில் ஒலிக் கோப்புகளைப் போட்டால் போதும். எஃபெக்டைப் பட்டனாலேயே மாற்றலாம். புரோஃபிக்கு கான்ஃபிக் கோப்பு (அமைப்புகளைச் சொல்லும் கோப்பு) எழுதி, கணினியில் ஆர்டுயினோ என்ற மென்பொருளில் கம்பைல் செய்து (போர்டுக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றி), யுஎஸ்பி வழியே ஏற்ற வேண்டும். ஒரு காற்புள்ளி விட்டுப்போனாலும் எரர். சார்ஜ் மட்டுமே ஏற்றும் கேபிளோடு நான் ஒரு மாலை முழுக்க மல்லுக்கட்டினேன், அது வேறு கதை. ஆனால் புரோஃபியின் மென்பொருள் திறந்த மூலம், அதாவது யாரும் பார்த்து மாற்றலாம். பிளேடின் நிறம், மினுக்கல், பட்டனின் வேலை எல்லாம் நம் இஷ்டம்.

முதல் வாள், அல்லது பிள்ளைகளுக்கு என்றால் ஸீனோபிக்ஸல். நோண்டிப் பார்க்கும் ஆசை இருந்தால் புரோஃபி.