வுட் டக் கூடுப்பெட்டி: மரமா பிளாஸ்டிக்கா, கம்பமா மரமா?

வீட்டுக்குப் பின்னால் குளம் இருக்கிறது, பிப்ரவரி வந்தால் மரப்பொந்தில் முட்டையிடும் வுட் டக் என்ற வாத்து ஜோடி ஒன்று மரங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டே சுற்றுகிறது, கூடுப்பெட்டி வைக்கலாமா என்று அமெரிக்காவின் நார்த் கரோலைனா பக்கம் இருக்கும் நம் ஆட்கள் கேட்பதுண்டு. தாராளமாக வைக்கலாம். ஆனால் கேட்பவர்கள் எல்லோரும் எந்தப் பெட்டி நல்லது என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். என்னைக் கேட்டால் பெட்டிக்கு மூன்றாவது இடம்தான். முதலில் அது நிற்கும் கம்பம், அடுத்தது வைக்கும் இடம்.

இந்த வாத்துக்குத் தானாக மரத்தைக் குடையத் தெரியாது. கிளை முறிந்து உளுத்துப்போன பொந்தோ பெரிய மரங்கொத்தி விட்டுப்போன பொந்தோ கிடைத்தால்தான் உண்டு. முதிய மரங்களை வெட்டித் தீர்த்ததும் கணக்கில்லாத வேட்டையும் சேர்ந்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த இனம் அழிவின் ஓரத்துக்கே போய்விட்டது. 1918-இல் வந்த வலசைப் பறவைச் சட்டம் வேட்டையை நிறுத்தியது. 1930-களின் கடைசியில் இல்லினாயில் பெட்டி வைக்கும் வேலை பெரிய அளவில் தொடங்கியது. அதனால் எது தேறும், எது தேறாது என்பதற்கு இன்று நிறைய அனுபவம் இருக்கிறது.

முதலில் கம்பம். மரத்தில் ஆணியடித்து மாட்டுவது, கரையில் கம்பம் நடுவது, தண்ணீருக்குள் கம்பம் நடுவது என்று மூன்று வழி. மரத்தில் மாட்டுவது செலவில்லாத வேலை, பார்க்கவும் இயல்பாக இருக்கும், ஆனால் மூன்றில் மோசமானது அதுதான். ரக்கூன் என்ற, கைபோன்ற முன்னங்கால் கொண்ட விலங்குக்கு மரம் ஏறுவது ஒரு வேலையே இல்லை, ரேட் ஸ்நேக் எனப்படும் கரும்பாம்பு பட்டையைப் பிடித்துக்கொண்டு செங்குத்தாகவே ஏறிவிடும், அடைகாக்கும் பெட்டைக்கோ வெளியே போக ஒரே துளைதான், அதிலும் ரக்கூனின் கை நுழைந்துவிட்டால் முட்டைகளோடு அவளும் போனாள். தண்ணீருக்குள் கம்பம் நட்டுவிட்டால் பயமில்லை என்று நம்புகிறவர்கள் உண்டு. ரக்கூன் நன்றாக நீந்தும், பாம்பும் நீந்தும். ஆகவே நிலமோ நீரோ, வழுவழுப்பான இரும்புக் கம்பமாக இருக்கட்டும், பெட்டிக்குக் கீழே சுமார் 3 அடி விட்டமுள்ள தகரக் கூம்பு கவிழ்ந்து நிற்கட்டும், பக்கத்து மரக்கிளை எதுவும் பெட்டி வரை நீளாமல் வெட்டிவிடுங்கள். நீளமான பாம்பு சில நேரம் கூம்பையும் தாண்டிவிடும் என்பது உண்மைதான். ஆனாலும் ரக்கூனைப் பொறுத்தவரை இதைவிட நல்ல தடுப்பு கிடையாது. கூம்புக்குக் காசில்லை என்றால் பெட்டியே வைக்க வேண்டாம், இதை நான் அழுத்தியே சொல்கிறேன். பாதுகாப்பில்லாத பெட்டி, எங்கோ ஒரு பொந்தில் பிழைத்திருக்கக்கூடிய பெட்டையை வரவழைத்துப் பலி கொடுக்கிறது.

கரையா, நீரா என்றால் எனக்குக் கரைதான் பிடிக்கும். வருஷா வருஷம் திறந்து சுத்தம் செய்யக் கரையில் ஏணி போட்டால் போதும். நீரில் நட்டால் பெட்டி வெள்ள மட்டத்துக்கு மேலே நாலைந்து அடியாவது இருக்க வேண்டும். மின்னசோட்டா மாதிரி உறைபனி ஊரில் பனிக்கட்டி கம்பத்தைச் சாய்த்துவிடுவதும் உண்டு, அதே பனிக்கட்டி மேல் நடந்துபோய்ப் பெட்டியைச் சரிசெய்யலாம் என்ற வசதியும் உண்டு.

அடுத்தது இடம். குளத்தின் நடுவே ஒரே கம்பத்தில் இரண்டு மூன்று பெட்டிகளை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைப்பது அழகுதான், பூங்காக்களில் அப்படித்தான் வைக்கிறார்கள். பிரச்சினை என்னவென்றால் இந்தப் பெட்டைகள் ஒன்று நுழைவதை இன்னொன்று பார்த்துவிட்டுப் பின்னாலேயே போய் அதே கூட்டில் முட்டையிட்டுவிடும். வழக்கமாக ஒரு பெட்டை இடுவது 10 முதல் 15 வரை. இப்படிக் குவிந்த கூட்டில் 30-க்கு மேலும் சேரும், அத்தனைக்கும் ஒரு பெட்டையின் உடம்புச் சூடு எட்டாது, பல முட்டைகள் பொரியாமலே போகும், சில கூடுகளைப் பெட்டை கைவிட்டுவிடும். தனித்தனியாக, ஒன்றிலிருந்து ஒன்று தெரியாதபடி, கரையோரப் புதர் மறைவில் வைத்தால் இந்தத் தொல்லை குறைகிறது. சின்னக் குளத்துக்கு ஒரு பெட்டி போதும்.

சரி, பெட்டிக்கு வருவோம். சீடர் அல்லது சைப்ரஸ் மரம், ரம்பத்தால் அறுத்தபடியே சொரசொரப்பாக, உள்பக்கம் பெயின்ட் அடிக்காமல். 12 அங்குல அகலம், 12 அடி நீளமுள்ள ஒரே பலகையில் ஒரு பெட்டி முடிந்துவிடும். துளை நீள்வட்டம், அகலம் 4 அங்குலம், உயரம் 3. பிளாஸ்டிக் பெட்டி எடை குறைவு, உளுக்காது, கழுவ எளிது, இவ்வளவும் சரி. ஆனால் தெற்கு மாநிலங்களில் இந்த வாத்து ஒரே வருஷத்தில் இரண்டு முறைகூட அடைகாக்கும், இரண்டாவது முறை கோடை வெயிலில் மாட்டும், மெல்லிய பிளாஸ்டிக் சுவர் உள்ளே சூட்டை ஏற்றிவிடும். நல்ல நிழலும் காற்றோட்டமும் இருந்தால் ஒழிய இங்கே அதை நான் வைக்க மாட்டேன். வடக்கே குளிர் ஊரில் அந்தக் கவலை குறைவு. தகரப் பெட்டிகளும் ஒரு காலத்தில் புழங்கின, ரக்கூனின் நகம் பிடிக்காது என்பதற்காக. வெயிலில் அவை பிளாஸ்டிக்கை விட மோசம்.

எந்தப் பெட்டியானாலும் இரண்டு விஷயம் கட்டாயம். இந்த வாத்து வைக்கோலோ குச்சியோ கொண்டுவராது, தன் மார்புத் தூவியை மட்டும்தான் பிய்த்துப் போடும், ஆகவே அடியில் 4 அங்குலத்துக்கு இழைப்புளிச் சீவல் நீங்கள் போட வேண்டும். மரத்தூள் வேண்டாம், ஈரம் பிடித்துக்கொள்ளும். இன்னொன்று, துளைக்குக் கீழே உள்சுவரில் ஏணி மாதிரி கம்பி வலையோ ஆழமான வெட்டுக் கோடுகளோ. பொரித்த மறுநாள் காலை தாய் கீழே நின்று கூப்பிட, குஞ்சுகள் ஊசி நகத்தை அந்த வலையில் மாட்டி மாட்டி ஏறி, துளை விளிம்பில் ஒரு கணம் நின்று குதிக்கும். வழுவழுப்பான பிளாஸ்டிக் சுவரில் இந்த வலை இல்லாவிட்டால் உள்ளேயே செத்துவிடும்.

குளத்துக்கு வருவது மல்லார்ட் என்றால் இந்தப் பெட்டி எதுவும் உதவாது, அது பொந்து தேடும் வாத்து இல்லை. வடக்கு டகோட்டா, மனிடோபா பக்கம் அதற்கென்று கம்பி வலையையும் வைக்கோலையும் சுருட்டி 3 அடி நீளக் குழாய் செய்து, நீருக்கு மேலே கம்பத்தில் படுக்கை வாக்கில் வைக்கிறார்கள். புல்லில் கூடு கட்டினால் நரியும் நாற்றம் பீய்ச்சும் ஸ்கங்க் என்ற விலங்கும் பெரும்பாலானவற்றைத் தின்றுவிடும் ஊர் அது.

பெட்டியைக் குளிர்காலத்தில், ஜனவரி முடிவதற்குள் திறந்து பாருங்கள். சீவலுக்குள் ஓட்டிலிருந்து உரிந்த தோல் மாதிரி சவ்வு கிடந்தால் குஞ்சு பொரித்துப் போயிருக்கிறது. முட்டை ஒன்றுகூட இல்லை, தூவி மட்டும் கலையாமல் இருக்கிறது என்றால் பாம்பைச் சந்தேகப்படலாம். துளைவழியே தூவி வெளியே இழுபட்டு, உடைந்த ஓடு சிதறிக் கிடந்தால் பெரும்பாலும் ரக்கூன்தான், அது அடுத்த வருஷமும் அதே பெட்டிக்கு வரும். கூம்பைச் சரிசெய்யும் வரை துளையைப் பலகையால் மூடி வையுங்கள்.