காரெட் ஜிடி2860ஆர்எஸ்: ஒரே டர்போ, ரெண்டு ஹவுசிங், ஒன்றரை வருஷம்

வண்டி 1999 மாஸ்டா எம்எக்ஸ்-5, 1.8 லிட்டர், கம்பெனிலருந்து வர்றப்ப 140 குதிரை. டெக்சாஸ் ஆஸ்டின்ல இருக்கேன், தினம் ஆபீசுக்கு இதுலதான் போறேன், மளிகை வாங்கவும் இதேதான், ட்ராக்குக்கு வருஷத்துல ரெண்டு நாள் போனா பெரிய விஷயம். இத முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா கீழ நான் திட்டறதும் புகழறதும் இந்த மாதிரி ஓட்டத்துக்குத்தான், ட்ராக்லயே குடியிருக்கறவங்க எனக்கு நேர் எதிரா சொல்லுவாங்க, அவங்க சொல்றதும் சரியாத்தான் இருக்கும்.

டர்போ காரெட் ஜிடி2860ஆர்எஸ். செல்லப்பேரு டிஸ்கோ பொட்டேட்டோ, ஒரு நிசான் ப்ராஜெக்ட் காரோட பட்டப்பேரு அப்படியே டர்போவுக்கு ஒட்டிக்கிச்சு. எங்க வீட்ல உருளைக்கிழங்குன்னே ஆயிடுச்சு, "இன்னைக்கும் உருளைக்கிழங்கு கழட்டறீங்களா"ன்னு வீட்டம்மா கேட்டா சனிக்கிழமை வந்துடுச்சுன்னு அர்த்தம். டர்போன்னா, இன்ஜின்லருந்து வெளிய வர்ற புகை டர்பைன் வீலைச் சுத்தும், அதே தண்டுல இருக்கற கம்ப்ரசர் வீல் காத்தை அழுத்தி இன்ஜினுக்குள்ள தள்ளும்; டர்பைன் வீலை மூடற இரும்புக் கூடுதான் ஹவுசிங். கம்ப்ரசர் வீல் 60 மில்லி, டர்பைன் வீல் 53.9 மில்லி, ட்ரிம் 76 (ட்ரிம்னா என்னன்னு கீழ வருது). இந்த டர்பைன் வீலுக்கு காரெட்டே ரெண்டு ஹவுசிங் குடுக்கறான், ஏ/ஆர் 0.64 ஒண்ணு, 0.86 ஒண்ணு. நான் 0.86 வாங்கினேன். ஏன்னு கேட்டா, "பெருசு போடு, பின்னாடி பவர் ஏத்தணும்னா உதவும்"னு நாலு பேர் சொன்னாங்க, நானும் யோசிக்காம தலைய ஆட்டிட்டேன்.

ஏ/ஆர்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு. எங்க ஊர் ஈரோடு பக்கம், வாய்க்கால்ல மடை வாயை சுருக்கினா அதே தண்ணி சீறிக்கிட்டு பாயும், அகலமா தொறந்தா சாந்தமா நிறைய போகும், அவ்ளோதான். ஹவுசிங்குக்குள்ள நத்தை மாதிரி சுத்தற குழாயோட குறுக்குப் பரப்பை, அந்தக் குழாயோட நடுவுலருந்து வீல் நடுவு வரைக்கும் இருக்கற தூரத்தால வகுத்தா வர்ற எண்ணுதான் ஏ/ஆர். சின்ன எண்ணுன்னா புகை வேகமா வந்து வீலை அடிக்கும், டர்போ சீக்கிரம் எழுந்துக்கும், ஆனா மேல் ஆர்பிஎம்ல, அதாவது இன்ஜின் வேகமா சுத்தறப்ப, மடை பத்தாம புகை பின்னாடி தேங்கும்.

0.86 வெச்சு ஒரு வருஷம் ஓட்டினேன். மேல போனா சுகம், பொய் சொல்ல மாட்டேன், 5,000-க்கு மேல இன்ஜின் மூச்சு முட்டாம 7,000 வரைக்கும் இழுக்கும். ஆனா 12 பிஎஸ்ஐ பூஸ்ட் (டர்போ தள்ளற காத்தோட அழுத்தம்) முழுசா வர்றதுக்கு 4,000 ஆயிடுது. என் வண்டில அஞ்சாவது கியர்ல 70 மைல்ல போனா கிட்டத்தட்ட 3,600 ஆர்பிஎம், ஊருக்குள்ள 45 மைல் ரோட்ல நாலாவது கியர்ல போனா 2,900. அதாவது நான் நாள் முழுக்க வாழற ஆர்பிஎம்ல டர்போ தூங்கிட்டு இருக்கு. மோபேக் ஹைவேல ஒரு லாரியைத் தாண்டணும்னா ரெண்டு கியர் எறக்கணும். டர்போ போட்டும் சாதா வண்டி மாதிரியே ஓட்டிக்கிட்டு இருந்தேன், காசு மட்டும் டர்போ காசு.

சரி 0.64-க்கு மாறலாம்னு முடிவு பண்ணினப்ப ஒரு முட்டாள்தனம் பண்ணினேன், அதுதான் இந்த ரிவ்யூவ எழுதவே காரணம். புதுசு வாங்க மனசு வராம ஆன்லைன்ல ஒருத்தர்கிட்ட பழைய 0.64 ஹவுசிங் வாங்கினேன், காரெட் ஒரிஜினல், மேனிஃபோல்டோட சேர்ற முகமும் அதே டி25 ஃப்ளேஞ்ச், வெளிய பாத்தா அச்சு அசல் அதே. மாட்டப் போனா வீல் உள்ள எறங்கவே மாட்டேங்குது. அப்புறம்தான் தெரிஞ்சுது அது ஜிடி2560ஆர் டர்போவோட ஹவுசிங். அதோட வீல் 53 மில்லி, ட்ரிம் 62. ட்ரிம்னா புகை வெளியேறற வாய்க்கும் வீலோட பெரிய விட்டத்துக்கும் உள்ள விகிதத்தோட வர்க்கம், 100-ஆல பெருக்கினது. கணக்கு போட்டுப் பாருங்க, அந்த வீலோட வெளி வாய் 41.7 மில்லி சுமார், என்னோடது 47. அஞ்சு மில்லிக்கு மேல வித்தியாசம், ஆனா ரெண்டு ஹவுசிங் மேலயும் 0.64-னு ஒரே எண்ணுதான் போட்டிருக்கு! வித்தவர் மேல தப்பில்ல, அவர் 0.64-னுதான் சொன்னாரு, நான்தான் எந்த வீலுக்கு கடைஞ்சதுன்னு கேக்கல.

லேத்ல குடுத்து கடைஞ்சு பெருசாக்கலாம்னு ஒரு யோசனை, மெஷின் ஷாப்புக்கு எடுத்துட்டுப் போனேன். அங்க இருந்த பெரியவர் பாத்துட்டு, வெறும் ஓட்டை பெருசு பண்றது இல்ல தம்பிங்கற மாதிரி சிரிச்சாரு, வீல் பிளேடோட வளைவு எப்படியோ அப்படியே ஹவுசிங் உள் வளைவும் வரணும், இடைவெளி கொஞ்சம் அதிகமானாலும் புகை பிளேடைத் தொடாம ஓரமா நழுவிப் போயிடும், அப்புறம் சின்ன ஹவுசிங் போட்டு என்ன பிரயோஜனம், இடைவெளி கம்மியானா சூட்டுல வீல் உரசும். ஞாயமான பேச்சு. கடைசில புதுசே வாங்கிட்டேன், ஒரு மாச மளிகைக் காசு போச்சு.

மாட்டறது ஒரு நாள் வேலை, ஆனா கவனம். பழைய ஹவுசிங் சூட்டுல இறுகிப் பிடிச்சிருக்கும், ஆயில் ஊத்தி ராத்திரி பூரா ஊற விடுங்க, கழட்டறப்ப கோணலா இழுத்தா வீல் பிளேடு மடங்கிடும், நேரா மெதுவா வரணும்.

இப்ப 0.64. முதல் நாள் 2222 ரோட்ல, அதான் மேடும் வளைவுமா போகுமே அந்த ரோடு, மூணாவது கியர்ல மிதிச்சதுமே சிரிப்பு வந்துடுச்சு. 12 பிஎஸ்ஐ 3,300-லயே வந்துடுச்சு. ஹைவேல கியரே மாத்தாம லாரியைத் தாண்டறேன். வீல் அதே, கம்ப்ரசர் அதே, பூஸ்ட் செட்டிங் அதே, ஒரு இரும்புக் கூடு மாத்தினதுக்கு இவ்ளோ வித்தியாசம்னு யாராச்சும் முன்னாடியே சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன்.

குறை இல்லாம இல்ல. இன்ஜின் புகைய டர்போவுக்கு கொண்டு வர்ற மேனிஃபோல்டுல சின்ன ஓட்டை போட்டு, செம்புக் குழாய நாலு சுத்து சுத்தி கேஜ் மாட்டி, டர்பைனுக்கு முன்னாடி அழுத்தம் பாத்தேன். 6,500-ல 14 பிஎஸ்ஐ பூஸ்ட்டுக்கு 0.86-ல 18 காட்டிச்சு, 0.64-ல 25 காட்டுது (என் கேஜ், என் வண்டி, லேப் ரிப்போர்ட் இல்ல). அந்த தேங்கின சூட்டுப் புகை சிலிண்டர்லயே மிஞ்சறதால நாக் (பெட்ரோல் கலவை தானா வெடிக்கறது) வரப் பாக்குது, 93 ஆக்டேன் பெட்ரோல் போட்டும் மேல் ஆர்பிஎம்ல ஸ்பார்க் டைமிங் ரெண்டு டிகிரி கம்மி பண்ண வேண்டியதாச்சு. குளிர் ராத்திரில வேஸ்ட்கேட் (மிஞ்சின புகைய டர்பைனைத் தொடாம வெளிய விடற கதவு) சமாளிக்க முடியாம 10 செட் பண்ணினா 13 வரைக்கும் தானா ஏறுது, அந்த வேஸ்ட்கேட் ஓட்டைய அரத்தால ராவி பெருசு பண்ணினப்புறம்தான் அடங்குச்சு.

இன்னொண்ணு யாரும் சொல்றதில்ல. இந்த இன்ஜினோட கம்பெனி கனெக்டிங் ராட் (பிஸ்டனை கிராங்க்கோட சேக்கற தண்டு) பாவம், கீழ் ஆர்பிஎம்ல திடீர்னு டார்க் வந்தாதான் அது வளையும், மேல வர்ற குதிரைக்கு அவ்ளோ பயப்பட வேண்டாம். சின்ன ஹவுசிங் சீக்கிரமா பூஸ்ட் குடுக்குது இல்லையா, அதே வரம்தான் ராடுக்கும் அஞ்சு ஸ்பீடு கியர்பாக்ஸுக்கும் சாபம். நான் ஈசியூல (இன்ஜின் கம்ப்யூட்டர்) 4,000 வரைக்கும் பூஸ்ட்ட 10-க்கு மேல போக விடாம கட்டி வெச்சிருக்கேன். சீக்கிரம் வேணும்னு காசு குடுத்து வாங்கிட்டு அதையே பிடிச்சு நிறுத்தறது வேடிக்கைதான், ஆனாலும் 0.86-ஐ விட இது நூறு மடங்கு தேவல.

என் ஃப்ரெண்டு ஒருத்தன், மதுரைக்காரன், இதே வண்டி, ஜிடி3071ஆர் வாங்கிட்டு "மாப்ள, என்னோடது 0.63, உன்னோடத விட சின்ன ஹவுசிங், சீக்கிரம் எழுந்துக்கும்"னான். அந்த டர்பைன் வீல் 60 மில்லி, ட்ரிம் 84, வெளி வாய் 55 மில்லிடா டேய்ன்னு சொன்னேன், கேக்கல. அவனுக்கு 4,500 தாண்டித்தான் உயிர் வருது. வீல் சைஸ் சொல்லாம ஏ/ஆர் மட்டும் சொல்றது சட்டை சைஸ் சொல்லாம பட்டன் எண்ணிக்கை சொல்ற மாதிரி.

1.8 இன்ஜின், தினசரி ரோடு, 250 குதிரை சுத்தி போதும்னா இந்த டர்போவுக்கு 0.64-ஏ வாங்குங்க. ராட் மாத்தி 300-க்கு மேல போற ப்ளான் நிஜமாவே இருந்தா, "பின்னாடி பாக்கலாம்" ப்ளான் இல்ல, ராட் கைல இருந்தா, 0.86. என்னோடது அலமாரில சும்மாதான் கெடக்கு.

டர்போவ மேனிஃபோல்டோட பிடிக்கற ஸ்டட் மட்டும் ரெண்டு ஹவுசிங்லயும் ஒரே தலைவலி, சூட்டுல தானா லூசாகி வெளிய வரும், சாதா ஸ்டட் ரெண்டு தடவ போச்சு, சூடு தாங்கற இன்கொனெல் உலோக ஸ்டட் போட்டு நாலு மாசமாச்சு, இது வரைக்கும் நகரல. இந்த சனிக்கிழமையும் ஒரு தடவ ஸ்பேனர் வெச்சுப் பாக்கணும்.