ஓட்டல் பாய்லருக்கு ஆள் தேடிய கதை: எட்டு வருஷ அனுபவம்

இங்கிலாந்தின் தெற்குக் கடற்கரையில் 28 அறைகள் கொண்ட ஒரு பழைய ஓட்டலை 2016 முதல் பார்த்துக்கொள்கிறேன். பெயருக்கு மேனேஜர். பல்பு மாற்றுவது, குழாய் அடைப்பு எடுப்பது, கணக்கு எழுதுவது எல்லாம் நான்தான். முதலாளி யாழ்ப்பாணத்துக்காரர், நான் கரூர்ப் பக்கம். போன மாதம் மட்டும் இங்கே மண்டபமும் முதியோர் இல்லமும் நடத்தும் மூன்று பேர் "நல்ல கேஸ் இன்ஜினியர் யாராவது தெரியுமா" என்று என்னிடம் கேட்டுவிட்டார்கள். ஒரு போன் நம்பரைக் கொடுத்துவிட்டு நகர்ந்திருக்கலாம்தான். நம்பரை மட்டும் வைத்துக்கொண்டு நான் முதல் இரண்டு வருஷம் பட்ட பாட்டை நினைத்தேன், சரி எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் சேர்ந்தபோது அடித்தளத்தில் இருந்தது எண்பதுகளில் வைத்த வார்ப்பிரும்பு கேஸ் பாய்லர், கட்டிடத்துக்கு வெப்பமும் வெந்நீரும் தருவது, 150 கிலோவாட். அறையில் இருக்கும் காற்றையே இழுத்து எரித்து, புகையை மேலே செங்கல் புகைபோக்கிக்குள் அனுப்பும் வகை. வருஷ சர்வீஸ் தேதி வந்தது. முதலாளி சொன்னார்: "தம்பி, எங்கட ஆள் ஒராள் இருக்கிறார், எங்கட வீட்டு பொய்லர் எல்லாம் அவர்தான் பாக்கிறவர். அவரைக் கேப்பம், அரைவாசிக் காசுக்கு முடிச்சுத் தருவார்."

அந்த மனிதர் வந்தார். கேஸ் இன்ஜினியர்களுக்கான மஞ்சள் அட்டை வைத்திருந்தார், போட்டோ, ஏழு இலக்க எண், காலாவதித் தேதி எல்லாம் சரி. கேஸ் சேஃப் ரெஜிஸ்டர் இணையதளத்தில் எண்ணைப் போட்டுப் பார்த்தேன், அதிலும் ஆள் இருந்தார். (2009 ஏப்ரலுக்கு முன்னால் கோர்கி என்று இருந்ததே, அதற்குப் பதிலாக வந்த, கேஸ் வேலை செய்யத் தகுதி உள்ளவர்களின் பதிவேடு. இன்னும் பழைய ஆட்கள் 'கோர்கி காரர்' என்றுதான் சொல்கிறார்கள்.) எனக்கு அதோடு திருப்தி. அவர் அடித்தளத்துக்கு இறங்கினார், பாய்லரைப் பார்த்தார், மீட்டரைப் பார்த்தார், மேலே ஓடும் கேஸ் குழாயின் தடிமனைப் பார்த்தார். அப்புறம் அட்டையைத் திருப்பி என்னிடமும் முதலாளியிடமும் காட்டினார். "அண்ணை, இது எனக்கு ஏலாது. நான் கை வைக்கக் கூடாது."

அட்டையின் பின்பக்கத்தை நான் அதுவரை பார்த்ததே இல்லை. அந்த ஆள் எந்தெந்த வேலைக்குத் தேர்வு எழுதித் தகுதி பெற்றிருக்கிறார் என்ற பட்டியல் அங்கேதான் இருக்கிறது. அவருடையதில் இருந்தவை எல்லாம் வீட்டு வேலைகள். வீட்டுச் சான்று பொதுவாக 70 கிலோவாட் வரைக்கும்தான், அதற்கு மேல் போனால் வணிகப் பிரிவில் தனியாகத் தகுதி வேண்டும். பாய்லர் சின்னதாக இருந்தாலும் குழாய் இடறிவிடும் என்றார். வீட்டு முறையில் கசிவுச் சோதனை செய்ய குழாய் 35 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, உள்ளே நிற்கும் மொத்தக் கொள்ளளவு 0.035 கன மீட்டரைத் தாண்டக் கூடாது. எங்கள் குழாய் இரண்டையும் தாண்டியிருந்தது. சமையலறை அடுப்புகளுக்கு அது போக இன்னொரு தகுதி. ஆக ஒரே கட்டிடத்துக்கு இரண்டு வகைச் சான்று தேவை, சிலரிடம் இரண்டும் இருக்கும், பலரிடம் இருக்காது. தகுதி இல்லாத பிரிவில் கை வைப்பது சட்டப்படி குற்றம், பதிவேட்டில் பெயர் இருக்கிறது என்பது அதற்குச் சமாதானம் ஆகாது. ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை திரும்பவும் தேர்வு எழுத வேண்டும் என்பதையும் அவர்தான் சொன்னார். அன்று ஒரு காப்பி குடித்துவிட்டு, காசு வாங்காமல் போனார். இந்த எட்டு வருஷத்தில் நான் பார்த்த ஆட்களில் மிக நேர்மையானவர் யார் என்று கேட்டால், எங்கள் பாய்லரில் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடாத அவர்தான்.

அடுத்து ஒரு வணிக நிறுவனத்தைப் பிடித்தோம். பெயர் வேண்டாம். மூன்று விலை வாங்கினோம், குறைந்ததை எடுத்தோம், 180 பவுண்டு. வந்தவரின் அட்டையைத் திருப்பிப் பார்த்தேன் (இந்த முறை எனக்குத் தெரியுமே), வணிக பாய்லர் என்று தெளிவாக இருந்தது. இருபத்தைந்து நிமிஷத்தில் முடித்துவிட்டு ஒரு தாள் கொடுத்தார். காற்றோட்டம் சரி, புகைபோக்கி சரி, பர்னர் சரி, வரிசையாக டிக். அடுத்த வருஷமும் அதே ஆள், அதே தாள், தேதி மட்டும் வேறு. நான் அதை ஃபைலில் போட்டு, ஃபைலை அலமாரியில் வைத்தேன். அட்டை சரியாக இருக்கிறது, வேறென்ன வேண்டும் என்ற நினைப்பு.

2018 பிப்ரவரிக் கடைசியில் கிழக்கிலிருந்து அந்தப் பெருங்குளிர் வந்தது, இங்கே இருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். மார்ச் முதல் வாரம் எங்கள் ஊரிலேயே பனி, ரயில் இல்லை, பதினேழு விருந்தினர்கள் கிளம்ப முடியாமல் மாட்டிக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை காலை வெந்நீர் நின்றது. பழைய நிறுவனம் 'திங்கட்கிழமைதான் வர முடியும்' என்று சொல்லிவிட்டது. தெரிந்த ஒரு பள்ளிக்கூடத்துப் பராமரிப்பாளரிடம் கேட்டு இன்னொருவரை வரவழைத்தேன். ஐம்பது வயசுக்கு மேல் இருக்கும், அதிகம் பேசாத வெள்ளைக்காரர். அறைக்குள் நுழைந்ததும் பாய்லரைத் தொடவில்லை, சுவரைப் பார்த்தார். கீழே இருந்த காற்றுக் கிராதியில் யாரோ அட்டைப்பெட்டியைக் கிழித்து அடைத்திருந்தார்கள். யாரோ என்ன யாரோ, எங்கள் இரவுக் காவல்காரர்தான். குளிர்காற்று வந்து தண்ணீர்க் குழாய் உறைந்துவிடும் என்று நல்ல எண்ணத்தில் செய்த வேலை. மேல் கிராதியோ பல வருஷத் தூசியும் பெயின்டும் சேர்ந்து முக்கால்வாசி மூடிக் கிடந்தது. அதற்கு நேராகத்தான் இரண்டு வருஷமாக 'காற்றோட்டம் சரி' என்று டிக்.

அவர் பாய்லரை ஓடவிட்டு, ஒரு புகைக் குச்சியைப் பற்றவைத்துப் புகை வெளியேறும் இடத்துக்குக் கீழே பிடித்தார். புகை உள்ளே இழுபட வேண்டும். அது எங்கள் முகத்துக்கு வந்தது. உடனே பாய்லரை அணைத்து, கேஸ் வால்வைச் சாத்தி, 'உடனடி ஆபத்து' என்று சிவப்பு லேபிளைக் கட்டினார். குழாயைத் துண்டிக்கவும் சம்மதம் கேட்டார். முதலாளிக்குப் போன் போட்டால், "பதினேழு பேர் இருக்கினம், நாளைக்குப் பாக்கேலாதோ?" என்றார். நானும் அதையேதான் இன்ஜினியரிடம் கேட்டேன், பொய் சொல்ல மாட்டேன். அவர் குரலை உயர்த்தாமல் சொன்னார்: நீங்கள் சம்மதிக்காவிட்டால் நான் கேஸ் அவசர சேவைக்குச் சொல்லியாக வேண்டும், அவர்களுக்கு உங்கள் சம்மதம் தேவையில்லை. சம்மதித்தோம்.

இதில் என்னை இன்றைக்கும் உறுத்துவது வேறு ஒன்று. பாய்லர் அறைக்குப் பக்கத்துக் கதவு துணி வெளுக்கும் அறை. அங்கே வேலை செய்த அம்மா அந்த வாரம் முழுக்கத் தலைவலி, குமட்டல் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பிளீச் வாசனை என்று நினைத்து ஜன்னலைத் திறந்து வைக்கச் சொன்னேன். அவர் வீட்டுக்குப் போனதும் சரியாகிவிடுவதாக அவரே சொல்லியிருக்கிறார், அதுவும் என் மண்டையில் ஏறவில்லை. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, தலைவலியும் குமட்டலும்தான் முதல் அறிகுறி என்று அன்றைக்குத்தான் உட்கார்ந்து படித்தேன். அவரை மருத்துவமனைக்கு அனுப்பினோம், நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. அடித்தளத்தில் அதுவரை ஒரு அலாரம்கூட இல்லை. அன்று மாலையே மூன்று வாங்கி மாட்டினேன்.

பாய்லரைத் திறந்து சுத்தம் செய்வதற்கு முன் அந்த இன்ஜினியர் 'ஆஸ்பெஸ்டாஸ் பதிவேடு இருக்கிறதா' என்று கேட்டார் (நுரையீரலைக் கெடுக்கும் அந்த நார் கட்டிடத்தில் எங்கெங்கே இருக்கிறது என்ற பட்டியல்). இந்த வயசு பாய்லர்களில் கதவு விளிம்புக் கயிற்றிலேயே அது இருக்கலாம், இந்த நாட்டில் முழுத் தடை வந்ததே 1999இல்தான். முந்தைய நிறுவனம் இரண்டு வருஷமும் அப்படி ஒரு கேள்வியே கேட்கவில்லை. யோசித்துப் பார்த்தால், திறந்திருந்தால்தானே கேட்பார்கள். எங்கள் பதிவேட்டில் அந்தக் கயிறு 'இருக்கலாம்' என்று குறித்திருந்தது. அதற்குப் பயிற்சி பெற்ற ஆள் வந்து எடுத்துப் போன பிறகு, திங்கட்கிழமைதான் உள்ளே கை வைத்தார்கள். வெப்பம் கடத்தும் இடுக்குகளில் இருந்து இரண்டு வாளி கரி வந்தது. அதுவரை விருந்தினர்களுக்கு மின்சார ஹீட்டரும் கெட்டில் வெந்நீரும். பாதிப் பேருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். 180 பவுண்டில் மிச்சம் பிடித்தது அத்தோடு போயிற்று.

அந்த மனிதர்தான் இன்றுவரை எங்கள் ஆள். ஒரு வருகைக்கு 420 பவுண்டு, வாட் வரி தனி, அரை நாள் ஆகும். 2019இல் பழைய பாய்லரை எடுத்துவிட்டு 90 கிலோவாட் கண்டென்சிங் பாய்லர் (புகையில் உள்ள நீராவியைத் தண்ணீராக்கி அந்தச் சூட்டையும் பிடிக்கும் வகை) இரண்டை அவரே வைத்துக் கொடுத்தார். இவை எரிக்கக் காற்றை வெளியிலிருந்து எடுப்பவை. ஆனாலும் அறைக்குக் காற்றோட்டம் வேண்டும் என்று சொல்லி, கிராதிகளைப் புதிதாக வெட்டி, பக்கத்தில் 'அடைக்காதே' என்று போர்டும் மாட்டிவிட்டுப் போனார்.

அவர் தரும் தாளுக்காகத்தான் அந்தக் காசைக் கொடுக்கிறேன் என்றே சொல்லலாம். டிக் குறைவு, எண்கள் அதிகம். மீட்டரில் கேஸ் அழுத்தம் (21 மில்லிபாருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்), இரண்டு பாய்லரும் சமையலறையும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் ஓடும்போது பாய்லர் வாசலில் எவ்வளவு, நிமிஷத்துக்கு எவ்வளவு கேஸ் போகிறது, புகையில் கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு, மோனாக்சைடு எவ்வளவு, இரண்டுக்கும் விகிதம் என்ன. கருவி அச்சடித்த சீட்டையே ஒட்டிக் கொடுப்பார். ஒரு வருஷத்துச் சீட்டை மட்டும் பார்த்தால் எனக்கு ஒன்றும் புரியாது. நாலு வருஷத்துச் சீட்டுகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் கதை தெரியும். எங்கள் இரண்டாவது பாய்லரில் மோனாக்சைடு முதல் இரண்டு வருஷமும் பத்து லட்சத்தில் 45 பங்கு அளவில் இருந்தது, மூன்றாம் வருஷம் 160. பாய்லர் ஓடிக்கொண்டுதான் இருந்தது, புகாரும் இல்லை, ஆபத்தான அளவும் இல்லை என்றார். ஆனால் ஏன் ஏறியது என்று திறந்து பார்த்துச் சுத்தம் செய்து, பர்னர் சீலை மாற்றி மறுபடி அளந்தார், 50க்கு வந்தது. டிக் போட்ட தாளில் இது எங்கே தெரியும்?

எல்லாம் அவர் சொன்னபடி கேட்டேன் என்று நினைக்க வேண்டாம். 2022 மே சர்வீஸில், கண்டென்சிங் தண்ணீர் வெளியேறும் குழாய் வெளிச்சுவரில் மெலிதாக, மூடாமல் ஓடுகிறது, உறையும் என்று எழுதிக் கொடுத்திருந்தார். தள்ளிப்போட்டேன். அந்த டிசம்பர் குளிரில் உறைந்தது, இரண்டு பாய்லரும் நின்றன, நான் காலை ஐந்து மணிக்குக் கெட்டிலும் கையுமாக ஏணியில் நின்றேன். ஜனவரியில் 32 மில்லிமீட்டர் குழாய் போட்டு, குளிர் தாங்கும் உறை ஒன்றையும் சுற்றியாயிற்று.

கொரோனா சமயத்தில் மூன்று மாதம் மூடிக் கிடந்து, 2020 ஜூலை 4இல் ஓட்டல்களைத் திறக்கலாம் என்றபோது, பாய்லரை விடத் தேங்கிய தண்ணீர்தான் பிரச்சினை, அதில் வளரும், நல்ல சூட்டில் சாகும் நுரையீரல் நோய்க் கிருமி லீஜியோனெல்லா. தொட்டியில் 60 டிகிரி, குழாயைத் திறந்து ஒரு நிமிஷத்துக்குள் 50 டிகிரி வருகிறதா என்று அறை அறையாகப் பார்த்தோம். கேஸ் பில்லைக் குறைக்கிறேன் என்று பாய்லர் சூட்டைக் குறைப்பவர்கள் இந்த 60ஐ மறந்துவிடுகிறார்கள்.

சட்ட விஷயம் கொஞ்சம். 1998 கேஸ் பாதுகாப்பு விதிகளின்படி, வேலை செய்யும் இடத்தில் உள்ள கேஸ் கருவிகளையும் குழாய்களையும் புகைபோக்கியையும் பாதுகாப்பாக வைத்திருப்பது முதலாளியின் பொறுப்பு. தங்கும் இடம் கொடுப்பவர்களுக்கு 12 மாதத்துக்கு ஒரு பரிசோதனையும் கட்டாயம், ஓட்டலும் அதில் வரும். 2018 ஏப்ரலில் இருந்து ஒரு வசதி உண்டு: கெடு தேதிக்கு இரண்டு மாதம் முன்பே செய்தாலும் பழைய தேதி மாறாது, காருக்கு வருஷா வருஷம் எம்.ஓ.டி. பரிசோதனை எடுப்பது போல. அதனால் நான் மே மாதத்திலேயே கூப்பிட்டுவிடுவேன். அக்டோபரில் எல்லோரும் கூப்பிடும்போது யாரும் கிடைக்க மாட்டார்கள். இன்னொன்று, பரிசோதனை வேறு, சர்வீஸ் வேறு. 'பாதுகாப்பாக இருக்கிறது' என்று சீட்டுக் கொடுப்பதற்கு உள்ளே திறந்து துடைக்க வேண்டியதில்லை. விலை கேட்கும்போதே இரண்டும் சேர்த்தா என்று கேட்டுவிடுங்கள், முந்தைய 180 பவுண்டு மர்மம் அங்கேதான் இருந்தது. கேஸ் வாசனை வந்தால் இன்ஜினியரைத் தேடாதீர்கள், கேஸ் அவசர சேவைக்குப் போன் போடுங்கள், 0800 111 999.

குறை என்று பார்த்தால், அவர் தனி ஆள். இரவு பதினொன்றுக்குப் போன் எடுக்க மாட்டார், ஆகஸ்டில் இரண்டு வாரம் காணாமல் போவார். அதற்காக 24 மணி நேர சேவை உள்ள ஒரு பெரிய நிறுவனத்தோடு அவசரத்துக்கு மட்டும் தனி ஒப்பந்தம் வைத்திருக்கிறேன், வருஷத்துக்கு ஒரு முறை கூப்பிட்டால் அதிகம். சமையலறைப் பக்கம் அவர் தொடுவதில்லை, அந்தத் தகுதி இல்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டார், அதற்கு வேறு ஒருவர் வருகிறார். இரண்டு பேருக்கும் தேதி ஒத்து வருவதே இல்லை என்பது என் நிரந்தரப் புலம்பல்.

முதலாளி இப்போதெல்லாம் பில்லைப் பார்த்து முகம் சுளித்தாலும், "சீட்டில நம்பர் போட்டிருக்கோ தம்பி?" என்று கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறார். இந்த மே மாதச் சீட்டில் முதல் பாய்லரின் பற்றவைக்கும் எலெக்ட்ரோடு தேய்ந்திருக்கிறது, குளிருக்கு முன் மாற்றவும் என்று எழுதியிருக்கிறார். விலை கேட்டு மெசேஜ் போட்டிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.